அரை யூனிட்

மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி நான்கு.
ராயக்கோட்டையில் வீடு வீடாக ஏறி
மீட்டர் ரீடிங் குறிக்கிறவள் நான்.
இந்த ரீடிங்கை
எந்த அட்டையில் எழுதுவதென்று தெரியவில்லை.

கிருஷ்ணகிரி டாக்டர் அரிசியை அடித்தார்.
கோதுமையை அடித்தார்.
பேனா ராகிக்கு வந்தபோது
மாதையன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.
"அளவா" என்று எழுதித் தப்பித்தார் டாக்டர்.
அவர் வெளியூர்.
எங்கள் பக்கம் ஒரு உருண்டை என்றால்
ஒரு குழந்தையின் தலை.

மதியத்துக்கு அரை உருண்டை என்று பேசி முடித்தோம்.
வம்பு ஆறு மணிக்கு.
தக்காளி மண்டியில் கணக்கை மூடிவிட்டு வருகிறவர்
சமையலறையில் டப்பா டப்பாவாகத் திறப்பார்,
உள்ளே பார்ப்பார், மூடுவார்.
முறுக்கு இருந்த டப்பாவில் இப்போது வெந்தயம்.
அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு மூடுவார்.

சூளகிரிக்கு மாற்றலாகிப் போன ஜே.இ. மேடம்
எண்ணூறு ரூபாய்க்குத் தள்ளிவிட்ட ஓவன்
கட்டிலுக்கடியில் கிடந்தது.
துடைத்தேன்.

பச்சை நிலக்கடலைத் தூள் இரண்டு பங்கு,
ஆளிவிதைப் பொடி ஒன்று,
கைக்கு வந்த எள், சீரகம், உப்பு,
ஒரு முட்டையின் வெள்ளை.
தானியமில்லாத மாவுக்கு ஒட்டுறவு தெரியாது,
இழுத்தால் கோபித்துக்கொண்டு பிரிகிறது.
வெட்டி விரித்த இரண்டு பால் கவர்களுக்கு நடுவே வைத்து
மேலிருந்து உருட்டினால் மட்டும்
மனசில்லாமல் விரிகிறது.
ஆபீஸ் ஸ்கேலால் முக்கோணம் போட்டேன்.

முதல் தட்டு: கரி.
இரண்டாம் தட்டு: ரெக்ஸின்.
பழைய அட்டையின் முதுகில் தேதி போட்டுக் குறித்தேன்.
நூற்று அறுபது டிகிரி, பதினெட்டு நிமிடம்,
கனம் பத்து ரூபாய் நாணயத்தில் பாதி.

அந்த வாரம் தக்காளி கிலோ மூன்று ரூபாய்.
முனிராஜு இரண்டு கிரேடை மண்டி வாசலில் இறக்கிவிட்டு
விலை கேட்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாராம்.
"பேரேட்டில் என்ன எழுதினீங்க?"
"பேரு எழுதினேன்."
ஒரு பை நிறைய வீட்டுக்கும் வந்திருந்தது.
ஓவன் சூடேறும்போதே அதில் ஆறு காயைச் சுட்டு,
தோலுரித்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் வைத்து நசுக்கி,
துணியில் வடித்த தயிரோடு குழைத்தேன்.

மூன்றாம் தட்டு பொன்னிறம்.
சூட்டில் வளைந்தது.
"ஆறட்டும், ஆறினால்தான் ஒடியும்" என்றேன்.
சுகர்காரரைக் காக்கவைப்பது பாவம்.
ஆனாலும் காக்கவைத்தேன்.

களி விழுங்குகிற வீடு இது.
மென்றால் சிரிப்பார்கள்.
முறுக்கு டப்பா காலியான நாளிலிருந்து
சாப்பாட்டு நேரத்தில் இங்கே சத்தமே கிடையாது.

கடக்.

மாதையன் வாயை அசைக்காமல் என்னைப் பார்த்தார்.
இன்னொன்று. கடக்.
"தொட்டுக்க?"
கிண்ணத்தைத் தள்ளினேன்.
ஒரு முனையை முக்கி வாயில் வைத்தவர் நின்றார்.
"முனிராஜு காய்."
ருசியை வைத்துச் சொன்னாரா,
குற்றத்தை வைத்துச் சொன்னாரா, தெரியாது.

நான்காம் தட்டு உள்ளே இருக்கும்போது கரண்ட் போனது.
உடனே என் போன்.
ரீடிங் எடுக்கிறவளுக்குக்
கரண்ட் எப்போது வருமென்றும் தெரியும் என்பது
இந்தத் தெருவின் நம்பிக்கை.
மூன்று பேருக்கு "வந்துடும்" என்றேன்.
நான்காவதை எடுக்கவில்லை.

இருட்டில் ஓவனைத் திறந்தோம்.
ஓரமெல்லாம் முறுகல், நடு இன்னும் ரெக்ஸின்.
தடவித் தடவி ஓரங்களை அவர் எடுத்துக்கொண்டார்.
நடு எனக்கு வந்தது.
மெல்ல மெல்ல அதிலும் எள் மணந்தது.

"கரண்டுக்கு எவ்வளவு ஆகியிருக்கும்?"
"தட்டுக்கு அரை யூனிட்."
"பரவாயில்லையே."
"தக்காளிக்கு?"

கிண்ணத்தின் அடியை
விரலால் வழிக்கும் சத்தம் கேட்டது.